கேபிள் இல்லாம பெண்கள் ஃபுட்பால் பாக்குறது எப்படி?

மெட்ரோல ஹெட்செட் மாட்டிட்டு நிக்கிறவங்க, பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேக்குறவங்க, ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல மியூட் போட்டுட்டு கேக்குறவங்க, எல்லாருக்கும் வணக்கம்.

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்ல ஒண்ணு. வேளச்சேரி பக்கம் பிஜில தங்கிப் படிக்கிற ஒரு பொண்ணு, காலேஜ் டீம்ல லெஃப்ட் பேக் ஆடுறாங்க. அவங்க கேட்டது இதுதான்: "அக்கா, எங்க பிஜில ஒரே டிவி. அதுல சீரியல் ஓடும், இல்லன்னா கிரிக்கெட் ஓடும். நல்ல லெஃப்ட் பேக் எப்படி ஆடுறாங்கன்னு பாத்து கத்துக்கோன்னு கோச் சொல்றார். ஆம்பளைங்க மேட்ச் எங்க வேணா கிடைக்குது. பொண்ணுங்க ஆடுற பெரிய மேட்ச் எல்லாம் எங்கதான் பாக்குறது?"

நியாயமான கேள்வி. கேபிள் கனெக்‌ஷன் இல்லாத, கையில ஒரு ஃபோனும் டெய்லி டேட்டா பேக்கும் மட்டும் இருக்கிற ஒருத்தர் இந்தியாவுல இருந்து பெண்கள் சர்வதேச ஃபுட்பாலை எப்படிப் பாக்கலாம்? இன்னைக்கு முழுக்க அதைத்தான் பேசப் போறோம்.

ஏன் ஒரே ஆப்ல கிடைக்க மாட்டேங்குது?

முதல்ல பிரச்சினையைப் புரிஞ்சுக்குவோம். ஒரு போட்டியோட ஒளிபரப்பு உரிமையை நடத்துறவங்க நாடு நாடா விப்பாங்க. இந்தியாவுக்கு ஒருத்தர் வாங்குவாங்க, இங்கிலாந்துக்கு வேற ஒருத்தர். வாங்கினவங்க அதைப் பிரிச்சு டிவிக்கு ஒருத்தர், இணையத்துக்கு இன்னொருத்தர்னு கைமாத்தவும் செய்வாங்க. அடுத்த போட்டிக்கு மறுபடியும் முதல்ல இருந்து ஏலம்.

நம்ம ஊர்ல நடந்ததையே பாருங்க. 2022 பெண்கள் யூரோ சோனில வந்துச்சு. 2023 உலகக் கோப்பை டிவில டிடி ஸ்போர்ட்ஸ், ஆன்லைன்ல ஃபேன்கோட். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஜியோசினிமா, அதுவும் இலவசமா. அந்த ஜியோசினிமா 2025 பிப்ரவரில ஹாட்ஸ்டாரோட சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆயிடுச்சு. 2025 யூரோ மறுபடியும் ஃபேன்கோட். நாலு வருஷத்துல நாலு போட்டி, மூணு ஆப்.

ஆம்பளைங்க ஃபுட்பால்ல ஒரு லீக்கோட உரிமையை வாங்கினா வருஷக் கணக்குல அதே ஆப்ல இருக்கும், நமக்கும் பழகிடும். பெண்கள் ஃபுட்பால்ல அந்தப் பழக்கம் உருவாகவே விடுறதில்ல. அதனால என்னோட முதல் ரூல்: ஆப்பை ஃபாலோ பண்ணாதீங்க, போட்டியை ஃபாலோ பண்ணுங்க. போட்டி தொடங்க ரெண்டு மூணு வாரம் இருக்கும்போது அதை நடத்துற அமைப்போட தளத்துக்குப் போனா, எந்த நாட்டுல யார் காட்டுறாங்கன்னு ஒரு பட்டியல் இருக்கும். ஃபிஃபாவும் யூஎஃபாவும் அதை வெளியிடுவாங்க. அதுல இந்தியா வரியை மட்டும் பாருங்க. பத்து "எப்படிப் பார்ப்பது" கட்டுரை படிக்கிறதை விட அந்த ஒரு வரி போதும்.

எங்கெங்க தேடலாம்

சரி, இப்போ இடங்கள்.

ஃபேன்கோட். இதுல பிடிச்ச விஷயம், வருஷ சந்தா கட்டாயம் இல்ல. ஒரு மேட்சுக்கு மட்டும் பாஸ் வாங்கலாம், இல்லன்னா முழுப் போட்டிக்கும் சேத்து வாங்கலாம். ரூம்ல நாலு பேர் இருந்தா, ஃபைனலுக்கு மட்டும் பாஸ் வாங்கி ஒரு லேப்டாப்ல போட்டா ஆளுக்கு ஒரு டீ காசு.

டிடி ஸ்போர்ட்ஸ். நிறைய பேர் இதை மறந்துடுறாங்க. வீட்ல டிடி ஃப்ரீ டிஷ் இருந்தா மாசக் கட்டணமே கிடையாது. ஃபோன்ல பாக்கணும்னா பிரசார் பாரதி 2024 நவம்பர்ல தொடங்கின வேவ்ஸ் ஆப்ல தூர்தர்ஷன் சேனல்கள் நேரலையா ஓடும். ஆனா ஒண்ணு: டிவி உரிமையும் இணைய உரிமையும் வேற வேற ஆள்கிட்ட இருந்தா, சேனல் ஓடும், மேட்ச் நேரத்துல மட்டும் ஆப்ல வேற எதையாவது காட்டலாம். மேட்சுக்கு முன்னாடியே செக் பண்ணிக்கோங்க.

ஃபிஃபா பிளஸ். இது பழைய மேட்ச்சுகளோட சுரங்கம். உலகக் கோப்பை மேட்ச்சுகள் முழுசாவே இருக்கும். யூஎஃபாவுக்கு யூஎஃபா டிவி. ஒரு அக்கவுன்ட் போட்டா போதும். பெரிய போட்டிகளோட ஹைலைட்ஸ், இளையோர் போட்டிகள்னு நிறைய கிடைக்கும். 17 வயசுக்குட்பட்ட, 19 வயசுக்குட்பட்ட பொண்ணுங்க ஆடுற மேட்ச்சைப் பாருங்க. நாளைக்கு பெரிய பேரா வரப் போறவங்களை இன்னைக்கே பாக்குறதுல ஒரு தனி கிக் இருக்கு.

அப்புறம் யூடியூப். நம்ம நாட்டு மேட்ச்சுகளுக்கு இதுதான் முக்கியம். இந்தியப் பெண்கள் லீக் மேட்ச்சுகளை இந்தியன் ஃபுட்பால் சேனல்லயே நேரலையா பாத்திருக்கோம். அந்த லீக்ல 2018-19 சாம்பியன் நம்ம சேது எஃப்சி, தெரியும்ல? நட்பு ஆட்டம், தகுதிச் சுற்று மாதிரி மேட்ச்சுக்கு எந்த நாட்டுல ஆட்டம் நடக்குதோ அந்த நாட்டு ஃபுட்பால் சங்கத்தோட சேனலைத் தேடிப் பாருங்க. கமென்ட்ரி புரியாத மொழில இருக்கலாம். கோல் எல்லா மொழியிலயும் கோல்தான்.

வெளிநாட்டுல இருந்து கேக்குறவங்களுக்கு ஒரு வரி. அமெரிக்கால 2027, 2031 பெண்கள் உலகக் கோப்பை ரெண்டுமே நெட்ஃபிளிக்ஸ் வாங்கியாச்சு. அவங்க தேசிய அணியோட சொந்த ஊர் ஆட்டங்கள் டிஎன்டி வழியா எச்பிஓ மேக்ஸ்ல வரும். அதே நெட்ஃபிளிக்ஸ் அக்கவுன்ட் இந்தியாவுலயும் மேட்ச் காட்டும்னு நினைக்காதீங்க. உரிமை நாட்டுக்குத்தான், அக்கவுன்ட்டுக்கு இல்ல.

லெஃப்ட் பேக் தங்கச்சிக்குத் தனியா ஒரு ஹோம்வொர்க். 2023 உலகக் கோப்பை ஃபைனல், ஸ்பெயின் 1, இங்கிலாந்து 0. அந்த ஒரே கோல் அடிச்சது ஓல்கா கார்மோனா. அவங்க லெஃப்ட் பேக்! அரையிறுதில ஸ்வீடனுக்கு எதிரா 89-வது நிமிஷத்துல வெற்றி கோல் அடிச்சதும் அவங்கதான். கோலை மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது அவங்க எங்க நிக்கிறாங்க, எப்போ ஓட ஆரம்பிக்கிறாங்கன்னு பாருங்க. அதுக்கு ஹைலைட்ஸ் போதாது, முழு மேட்ச் வேணும்.

விபிஎன் போடலாமா? அந்த லிங்க் ஓகேவா?

அடிக்கடி வர்ற ரெண்டு கேள்வி.

விபிஎன் பயன்படுத்துறதுக்கு இந்தியாவுல பொதுவான தடை இல்ல. ஆனா 2022-ல செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி விபிஎன் நிறுவனங்கள் பயனர் விவரங்களை அஞ்சு வருஷம் வச்சிருக்கணும். அதனால பெரிய நிறுவனங்கள் சிலது இந்திய சர்வர்களையே எடுத்துட்டாங்க. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேற நாட்டுல இருக்கிற மாதிரி காட்டிக்கிட்டுப் பாக்குறதை பெரும்பாலான ஓடிடி தளங்களோட விதிமுறை அனுமதிக்கிறதில்ல. கண்டுபிடிச்சா தடுத்துடுவாங்க, நீங்க கட்டின காசு போச்சு. இலவச விபிஎன் பக்கம் போகவே போகாதீங்க. உங்க டிராஃபிக் முழுக்க யாரோ ஒருத்தரோட சர்வர் வழியா போகுது. அவருக்கு அதுல என்ன லாபம்னு யோசிச்சுப் பாருங்க.

திருட்டு லிங்க்? டெலிகிராம்ல வரும், தெரியும். ப்ளே பட்டனை அமுக்கினா மூணு விளம்பரம் திறக்கும், ஒண்ணு ஏதோ ஆப் இன்ஸ்டால் பண்ணச் சொல்லும். அந்த ஏபிகே ஃபைலை மட்டும் தொடாதீங்க, உங்க பேங்க் ஓடிபி வர்றதும் அதே ஃபோன்லதான். இதைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கு, அதுக்குக் கடைசில வர்றேன்.

கொஞ்சம் இன்ஜினியரிங்

டேட்டா கணக்கு போடுவோம். 720பி வீடியோ நொடிக்குச் சுமார் 3 மெகாபிட் எடுக்கும்னு வச்சுக்கோங்க. ஒரு மணி நேரத்துக்கு 3600 நொடி, எட்டால வகுத்தா 1350 மெகாபைட். இடைவேளை, கூடுதல் நேரம் எல்லாம் சேத்து ஒரு மேட்ச் ரெண்டு மணி நேரம். அப்போ 2.7 ஜிபி. உங்க 2 ஜிபி டெய்லி பேக் எழுபத்தஞ்சாவது நிமிஷம் வாக்குல காலி, இடைவேளையையும் சேத்துப் பாத்தா. அதனால மொபைல் டேட்டால பாக்குறவங்க 480பி வைங்க. நொடிக்கு 1.5 மெகாபிட்னா அதே ரெண்டு மணி நேரம் 1.35 ஜிபிதான். ஃபோன் திரைல பெரிய வித்தியாசம் தெரியாது. ஆட்டோ குவாலிட்டில மட்டும் விட்டுடாதீங்க.

அடுத்தது தாமதம். நேரலைன்னு பேர்தான், உண்மைல அது கொஞ்சம் பழசு. வீடியோவை ஆறு ஆறு நொடித் துண்டா வெட்டி அனுப்புறாங்கன்னா, ப்ளேயர் மூணு துண்டைச் சேத்து வச்சுட்டுத்தான் ஓட்டவே ஆரம்பிக்கும். அங்கேயே 18 நொடி. என்கோடிங், சர்வர்ல இருந்து உங்களுக்கு வர்ற நேரம் எல்லாம் சேத்தா அரை நிமிஷம் சாதாரணம். 2025 யூரோ ஃபைனல், பாசல்ல, பெனால்டி ஷூட்அவுட். என் திரைல க்ளோயி கெல்லி இன்னும் காலைத் தூக்கி குதிச்சு ஓடி வரவே ஆரம்பிக்கல, எங்க வாட்ஸ்அப் குரூப்ல இங்கிலாந்து ஜெயிச்சாச்சு! அதனால மேட்ச் நேரத்துல குரூப்பை மியூட் பண்ணுங்க, ஸ்கோர் ஆப்போட நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்க.

இதெல்லாம் எதுக்கு?

இப்போ அந்த இன்னொரு காரணம்.

1920 டிசம்பர். லிவர்பூல்ல குடிசன் பார்க் மைதானம். டிக் கெர் லேடீஸ் அணி ஆடின மேட்ச்சைப் பாக்க வந்தவங்க சுமார் 53,000 பேர். கூட்டம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. அடுத்த வருஷம், 1921 டிசம்பர்ல, ஃபுட்பால் பெண்களுக்கு ஏத்த விளையாட்டு இல்லன்னு சொல்லி, தன் உறுப்பு கிளப்களோட மைதானத்தை அவங்களுக்குத் தரக் கூடாதுன்னு இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் தடை போட்டுச்சு. அந்தத் தடை ஏறக்குறைய அம்பது வருஷம் இருந்துச்சு. ஆடுறதை யாரும் நேரடியா நிறுத்தல. மத்தவங்க பாக்குற இடத்தைப் பிடுங்கிட்டாங்க, ஒரு தலைமுறையே அதோட காணாமப் போச்சு.

இன்னைக்கு அந்த மைதானம் ஸ்ட்ரீம்தான். 2023 உலகக் கோப்பைக்கு முன்னாடி, ஐரோப்பாவோட பெரிய நாடுகள்ல ஒளிபரப்புக்கு வந்த தொகை ஆம்பளைங்க உலகக் கோப்பைக்குக் கிடைக்கிறதை விட 20-ல இருந்து 100 மடங்கு வரை கம்மின்னு ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ வெளிப்படையா சொன்னார். அந்த நாடுகள்ல மேட்ச் டிவிலயே வராமப் போகலாம்னும் சொன்னார். போட்டிக்கு ஒரு மாசம் இருக்கும்போது, ஜூன் மாசம்தான் ஒப்பந்தம் ஆச்சு. அந்தப் போட்டியைத்தான் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் மைதானத்துல போய்ப் பாத்தாங்க. ஃபைனல்ல சிட்னில 75,784 பேர்.

அதனால, கணக்குல வர்ற ஒவ்வொரு பார்வையும் அடுத்த ஏலத்துல ஒரு எண்ணா நிக்கும். திருட்டு லிங்க்ல பாக்குற ஆயிரம் பேர் அந்தக் கணக்குல இல்லவே இல்ல. யூடியூப்ல முன்னூறு பேர் பாத்தா, அந்த முன்னூறைக் காட்டித்தான் அடுத்த தடவை "யாரும் பாக்குறதில்லையே"ன்னு சொல்வாங்க.

நம்ம அணியையே எடுத்துக்கோங்க. 1979-லயும் 1983-லயும் ஆசியக் கோப்பைல இரண்டாம் இடம். 2022-ல நம்ம நாட்டுலயே, நவி மும்பைல போட்டி. அணிக்குள்ள கோவிட் பரவி, களம் இறக்க ஆளில்லாம பாதிலயே விலக வேண்டியதாச்சு. அங்கிருந்து எழுந்து வந்து, 2025 ஜூலை 5, சியாங் மாய்ல, ரெண்டு உலகக் கோப்பை ஆடின தாய்லாந்தை அவங்க மண்ணுலயே 2-1னு ஜெயிச்சாங்க. ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்று ஆடி ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்குள்ள போறது இதுதான் முதல் தடவை. அன்னைக்கு உங்க ஆஃபீஸ்ல யாராவது அதைப் பத்திப் பேசினாங்களா?

அந்த ஆசியக் கோப்பை 2026 மார்ச் 1 முதல் 21 வரை ஆஸ்திரேலியால. நம்ம குரூப்ல ஜப்பான், வியட்நாம், சீன தைபே. காலிறுதிக்குப் போற அணிக்கு 2027 பிரேசில் உலகக் கோப்பைக்கான கதவு திறக்கும்ங்கிறதுதான் விதி. நேரக் கணக்கும் சொல்லிடறேன்: பெர்த் நம்மளை விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, சிட்னி மார்ச்ல அஞ்சரை மணி நேரம் முன்னாடி. சிட்னில சாயங்காலம் ஏழு மணின்னா நமக்கு மதியம் ஒன்றரை. லஞ்ச் டைம்! அந்த மாதிரி மேட்ச் வந்தா காலண்டர்ல "ஃபோகஸ் டைம்"னு பிளாக் பண்ணிடுங்க, மேனேஜர் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

அடுத்த போட்டி எந்த ஆப்ல வருதுன்னு பட்டியலைப் பாத்துட்டு நம்ம குரூப்ல போடுறேன். அதுக்கு முன்னாடி நீங்க கண்டுபிடிச்சா எனக்கு அனுப்புங்க. எந்த மேட்ச்சை யாரோட சேர்ந்து பாக்கப் போறீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்பினா அடுத்த எபிசோடுல போடலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.