வேலை போனவர்களும் பழைய கார் வியாபாரமும்



கம்பெனி உத்தியோகம் போனவர்கள், பழைய கார் வாங்கி விற்கும் சிறு வியாபாரத்தில் இறங்கலாமா என்பதைப் பற்றி இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இறங்கலாம் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு இறங்க வேண்டும்.

இருபது வருஷம் உழைத்தவனை ஒரு நாள் "நாளை முதல் வரவேண்டாம்" என்கிறார்கள். உடனே வீட்டார் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஜோசியன் சனி என்கிறான். ஒரே நாளில் ஆயிரம் பேரை அனுப்புகிறார்களே, ஆயிரம் பேருக்கும் ஒரே ஜாதகமா? லாபக் கணக்கைப் பார்த்து முதலாளி ஆளைக் குறைத்தான். இதில் சனிக்கு என்ன வேலை? வேலை போனால் மானம் போனதாகாது. ஏமாற்றிப் பிழைத்தால்தான் மானம் போகும்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். பழைய வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் இதை ஆராய்ந்து எழுதினார். நல்லது கெட்டது தெரியாதவன் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலைதான் கேட்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் கொடுக்கமாட்டான். முடிவில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும் என்றார். 2001-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அவர் நாட்டில் பழுது வண்டிக்கு எலுமிச்சம்பழம் என்று பெயர். நம்மவர்களோ சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். பழம் வைக்கிறவரில் எத்தனை பேர் பானெட்டைத் திறந்து பார்க்கிறார்கள்?

எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறதென்று அர்த்தம். மீட்டர் 30,000 கிலோமீட்டர் என்று காட்டும். பிரேக் பெடலின் ரப்பரோ தேய்ந்து வழவழவென்றிருக்கும். எதை நம்புவது? மீட்டரைத் திருப்பலாம், தோழர்களே. தேய்ந்த ரப்பரை வளர்க்க முடியாது!

வண்டியைவிட முக்கியம் காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் பாங்குக் கடன் இருந்தால், பாங்கின் தடையில்லாச் சான்று வராமல் பணத்தை எண்ணாதீர்கள். பெயர் மாற்றாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவில் பெயருள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பென்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வியாபாரி போக்குவரத்து அதிகாரியிடம் அங்கீகாரம் பெறவும் விதி செய்திருக்கிறார்கள். வண்டி கைக்கு வந்ததைத் தெரிவித்துவிட்டால், அதற்குப் பிறகு பொறுப்பு வியாபாரியுடையது. அந்த வண்டியில் அவர் மாமியார் வீட்டுக்குப் போய்வரவும் கூடாது!

ஜி.எஸ்.டி. என்றதும் சிலர் பயப்படுகிறார்கள். பதிவு பெற்ற வியாபாரி 2 லட்சத்துக்கு வாங்கி 2,30,000-க்கு விற்றால், 18 சதவிகித வரி இடையிலுள்ள லாபத்தின் மீதே ஒழிய முழு விலை மீதல்ல.

கம்பெனி கொடுத்த கடைசிப் பணம் முழுவதையும் ஒரே மாதத்தில் பத்து வண்டியில் முடக்காதீர்கள். வீட்டுச் செலவுக்கு எடுத்துவைத்துவிட்டு, ஒன்றிரண்டு வண்டியில் தொடங்குங்கள். விற்காமல் நிற்கும் வண்டி நாளுக்கு நாள் விலை இறங்கும். இன்ஷூரன்ஸும் வட்டியும் நிற்காது.

கடைசியாக ஒன்று. வண்டியின் குறைகளை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வாங்குகிறவரிடம் கொடுங்கள். அதனால் சில வியாபாரம் தவறலாம். ஆனால் எல்லோரும் மறைக்கிற சந்தையில் குறையைச் சொல்லி விற்கிறவனுக்கு அந்த நாணயமே மூலதனம். நாம் சொல்லுவதாலேயே நம்பிவிடாமல், உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்துச் சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.