ஊடற்கு இடந்தரும் இல்லம்

(ஆண்டு விழாவில் குடும்ப நலம் பற்றி ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசி மகிழ்கிறோம். இம்முறை நம் வீட்டுக் கதவுக்கு உள்ளே நிகழும் ஒன்றைப் பற்றிப் பேசுதல் நலமெனக் கருதினோம். கணவனும் மனைவியும் என்றும் காதலராய் வாழ்வதற்குத் தன்மதிப்பு எத்துணை இன்றியமையாதது, அதனைக் காக்கும் மனத்துணை எத்தகையது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

திருவள்ளுவர் இன்பத்துப்பாலை 25 அதிகாரங்களாக அமைத்தார். அவற்றுள் இறுதி மூன்றும் ஊடலைப் பற்றியன. 1330 குறட்பாக்களைக் கொண்ட பெருநூல் ‘ஊடலுவகை’ என்னும் அதிகாரத்தோடு முற்றுப்பெறுகிறது. அறமும் பொருளும் விரித்துரைத்த ஆசான், நூலின் முடிவில் காதலரின் சிறு பிணக்கைக் கொண்டுவந்து வைத்தது ஏன்?

ஊடுதற்கு ஒரு துணிவு வேண்டும். ‘நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இவர் அதனைக் காண்பார், கண்டு வருந்துவார், அருகில் வந்து தேற்றுவார்’ என்னும் உறுதி படைத்த நெஞ்சமே ஊடும். தன்னைப் பொருட்படுத்துவார் இல்லை என்று தெளிந்த நெஞ்சம் ஊடுவதில்லை. அது வாய் மூடிக்கொள்கிறது. அவ்வமைதியை இல்லறத்தின் ஒற்றுமை என்று நாம் பலவேளைகளில் பிழைபட எண்ணிவிடுகிறோம்.

அவ்வாறு நாமே பிழைபட எண்ணிய ஒன்றை இங்கே கூறவேண்டும். இந்தப் பிலாய் நகரில் 1959-ஆம் ஆண்டு முதல் ஊதுலை எரியத் தொடங்கிய காலந்தொட்டுத் தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறியுள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்பர் ஒருவர் புதுமணம் புரிந்து, மனைவியை இங்கே அழைத்து வந்தார். அவ்வம்மையார் பட்டம் பெற்றவர். தம் ஊரில் நாலுபேர் நடுவே தெளிவாகப் பேசக்கூடியவர். இங்கே இந்தி கற்க முயன்றார். ‘போகிறேன்’ என்று தமிழில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே சொல்கிறோம். இந்தியிலோ வினை மாறும். பெண்ணாகிய தாம் ‘ஜாத்தீ’ என்னவேண்டிய இடத்தில் அவர் ‘ஜாத்தா’ என்றார். நம்மில் பலர் செய்த, இன்றும் செய்கின்ற பிழைதான் அது.

ஒருநாள் விருந்தின்போது அவர் கணவர் நண்பர்கள் நடுவே அதனை நடித்துக் காட்டினார். அங்கிருந்த நாம் அனைவரும் சிரித்தோம். அம்மையாரும் சிரித்தார். அதன்பின் அவர் கடைக்குப் போவதை நிறுத்தினார். அண்டை வீட்டுச் சிறுவனை அனுப்பிக் காய்கறி வாங்கினார். மெல்ல மெல்லக் கணவரிடமும் பேச்சு குறைந்தது. ‘எங்கள் வீட்டில் சண்டை என்பதே இல்லை’ என்று அன்பர் பெருமை கொண்டார், நாமும் பாராட்டினோம். பொங்கலுக்கு ஊர் சென்ற அம்மையார் பங்குனி கழிந்தும் திரும்பவில்லை. அன்பர் சென்று காரணம் கேட்டபோது அவர் கூறியது இவ்வளவே: “பிறர் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன், அவர்களோடு நீங்களும் சிரித்தீர்களே!”

அன்பர்களே! அமெரிக்க உளநூலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட நூலில் தன்மதிப்பை ஒரு பின்னமாக எழுதிக் காட்டினார். மேலே இருப்பது வெற்றி. கீழே இருப்பது விழைவு. ஊர் மாறி வருவோர்க்கு விழைவு குறைவதில்லை. மொழி கைகொடாமையால் அன்றாட வெற்றிகள் சுருங்கிவிடுகின்றன. கடையில் விலை கேட்பதும், மருத்துவரிடம் நோயைச் சொல்வதும் ஒருவர்க்குத் தோல்வியாக முடியும் நாளில், அவரை முழுமையாக அறிந்தவர் வீட்டில் ஒருவராவது வேண்டும்.

அகப்பாடல்களில் தலைவிக்குத் தோழி இருந்தாள், செவிலி இருந்தாள். அவள் துயரைச் சொல்லுமுன்னே உணர்ந்து, தலைவனிடம் எடுத்துரைக்கவும் அவர்கள் இருந்தனர். நம் குடியிருப்பில் இரண்டு அறைகளே உள்ளன, தோழி இல்லை. கைப்பேசியில் தாயின் முகம் தோன்றுகிறது என்பது உண்மையே. எனினும் தாய் வருந்துவாள் என்று அஞ்சியே நம் பெண்கள் பாதியை மறைக்கின்றனர். ஆதலின் இங்கே கணவனே தோழியுமாதல் வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மனைவி தன் வருத்தத்தைக் கூறும்போது, தீர்ப்புக் கூறாமல் முழுதும் கேட்டல் ஒன்று. பிழையைத் தனிமையில் திருத்தி, நிறைவைப் பலர்முன் கூறல் மற்றொன்று. குடும்ப வரவுசெலவில் அவள் கருத்தைக் கேட்டு, ஏற்கத்தக்கதாயின் அவ்வாறே நடத்தல் மூன்றாவது. ஏளனம் வெறும் விளையாட்டென்று கூறுவார் உளர். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், இழிவுபடுத்துதலையும் எள்ளி நகையாடுதலையும் சொல்லாலும் உணர்வாலும் செய்யும் கொடுமைகளுள் வைத்து எண்ணுகிறது என்பதை அவர்கள் அறிவார்களாக.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் காணாது, இரவுப் பணி முடிந்து தளர்ந்து வரும் கணவனிடம் அடுத்த வீட்டாரின் உயர்வை எடுத்துக்கூறாதீர்கள். ஆணுக்கும் தன்மதிப்பு உண்டு. அதுவும் வீட்டிலேதான் பெரும்பாலும் முறிகிறது.

எனினும் ஒருவர் தன்மதிப்பு முழுவதையும் மற்றொருவர் ஊட்டிவிட இயலாது. அது அவரவர் முயற்சியால் வேரூன்றுவது. நிழல் தந்து காத்தலே துணைவரின் கடன். எஞ்சிய நீரைச் சங்கம் வார்க்கலாம். புதிதாக வரும் மணமகளைப் பத்து நாட்களுக்குள் நம் மகளிர் சென்று காண்பதும், அவர் கற்ற கல்விக்கேற்ற ஒரு பொறுப்பைச் சங்கத்தில் அளிப்பதும் இவ்வாண்டு முதல் நம் கடமையாகட்டும்.

முன்னர்க் கூறிய அன்பர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டு, சித்திரையில் இருவருமாகத் திரும்பினர். மாலைதோறும் இருவரும் சேர்ந்தே கடைக்குச் சென்றனர். அவர் பேச, இவர் பையைச் சுமந்தார். இப்பொழுது அவ்வீட்டிலிருந்து கத்தரிக்காய் விலையைப் பற்றியும் பிள்ளையின் படிப்பைப் பற்றியும் உரத்த பிணக்கு அவ்வப்போது சுவர் கடந்து நம் காதில் விழுகிறது. சிறிது நேரத்தில் சிரிப்பொலியும் கேட்கிறது. அதனைக் கேட்கும்போதெல்லாம் நாம் மகிழ்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் இல்லங்கள்!