கறைபட்ட கையும் கவர்னர் நியமனமும்

(திருச்சியிலும் மறுநாள் சீரங்கத்திலும் நடந்த கூட்டங்களில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேசவேண்டுமென்று இங்குள்ள தோழர்கள் எழுதிக் கொடுத்திருக்கும் விஷயம், "ஊழல் புகாரில் அகப்பட்ட கவர்னர் ஒருவர் ஒரு ஆளை நியமித்து அனுப்பினால், அந்த ஆளைச் சட்டசபை ஏற்றுக் கொள்ளலாமா?" என்பதாகும். நேற்று திருச்சியில் இதைப்பற்றிப் பேச ஆரம்பித்தவுடனேயே ஒரு தோழர் எழுந்து, "இதில் என்ன பேச்சு வேண்டிக் கிடக்கிறது? கொடுத்த கை அழுக்கு, ஆகவே வாங்கினவனும் அழுக்கு. வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டியதுதானே?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நாம் மாத்திரம் கை தட்டவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இன்று பாலத்தைத் தாண்டிச் சீரங்கத்துக்கு வந்திருக்கிறோம்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் இல்லினாய் என்று ஒரு ராஜ்யம். சிகாகோ பட்டணம் இருக்கிற ராஜ்யம். 2008-ல் ஒபாமா ஜனாதிபதியாக ஜெயித்ததால் அவர் வகித்த செனட் ஸ்தானம் காலியாயிற்று. அந்த ராஜ்யத்துச் சட்டப்படி, அப்படிக் காலியான இடத்துக்குத் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கக் கவர்னருக்கு அதிகாரம் உண்டு. அப்போது கவர்னராயிருந்தவர் பிளகோயெவிச் என்பவர். அவர் அந்த ஸ்தானத்தை விலைபேசப் பார்த்தார் என்று சொல்லி, டிசம்பர் 9-ந் தேதி விடியற்காலையில் மத்திய போலீசார் அவரைக் கைது செய்தார்கள். நம்மூராயிருந்தால் மனிதர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்திருப்பார். அவரோ ஜாமீனில் வெளியே வந்து, அதே மாதம் 30-ந் தேதி ரோலண்ட் பர்ரிஸ் என்ற பழைய அரசியல்வாதியைத் தைரியமாக நியமித்தார்.

2009 ஜனவரி 6-ந் தேதி பர்ரிஸ் வாஷிங்டனுக்குப் போனார். கவர்னருடைய சொந்தக் கட்சி செனட்டர்களே அவரை உள்ளே விடவில்லை. ராஜ்யக் காரியதரிசியின் கையெழுத்து நியமனப் பத்திரத்தில் இல்லை என்று காரணம் சொன்னார்கள். மனிதர் மழையில் திரும்பினார். மூன்று நாள் கழித்து இல்லினாய் சுப்ரீம் கோர்ட்டு, அந்தக் கையெழுத்து இல்லாவிட்டாலும் நியமனம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஜனவரி 15-ல் அதே சபை அதே ஆளை உட்கார வைத்தது. அதாவது, 6-ந் தேதி அழுக்காயிருந்தவர் 15-ந் தேதி சுத்தமாகிவிட்டார்! நடுவில் எந்தக் காவேரியில் முழுக்குப் போட்டாரோ தெரியாது.

தோழர்களே! சிரிக்கிறீர்கள். ஆனால் நேற்று கை தட்டினதும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான் என்பதை யோசிக்க வேண்டும். "தொட்டவன் அசுத்தம், ஆகையால் தொடப்பட்டதும் அசுத்தம்" என்பது யாருடைய நியாயம்? இது நமக்குப் புதிய நியாயமா? இந்தச் சீரங்கத்துக்கு இது புதிய நியாயமா? மடி என்றும், விழுப்பு என்றும், தீட்டு என்றும், தலைமுறை தலைமுறையாக நம் தலையில் சுமத்தி வைத்தார்களே, அந்த நியாயமே அல்லவா இது! மனிதனைத் தொட்டால் தீட்டு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்கிற நாம், ஒரு கவர்னர் தொட்டார் என்பதற்காக மாத்திரம் ஒரு ஆளுக்குத் தீட்டுக் கற்பிக்கலாமா? அப்புறம், அதற்குப் பரிகாரமாகக் கோர்ட்டுத் தீர்ப்பைப் புண்ணியதீர்த்தமாகத் தெளித்துக் கொள்வதா?

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போகிற குடியானவருக்கு அது தெரியும். அங்கே மாடு விற்கிறவன் குடிகாரனா, பொய்யனா, ஜெயிலுக்குப் போய் வந்தவனா என்று விசாரித்துக் கொண்டிருந்தால் பொழுது சாய்வதற்குள் ஒரு மாடும் வாங்க முடியாது. "மாடு யாருடையது?" என்றுதான் விசாரிப்பார். அயோக்கியன் தன் சொந்த மாட்டை விற்றால் அது செல்லும். மகா யோக்கியன் ஊரார் மாட்டை விற்றால் அது செல்லாது. வாங்கினவர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும் சொந்தக்காரன் வந்து கயிற்றைப் பிடித்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

ஆகவே பர்ரிஸ் விஷயத்தில் செனட்டு செய்திருக்க வேண்டியது என்ன? அவர் பணமோ வாக்குறுதியோ கொடுத்து வாங்கினாரா என்று விசாரிப்பது. வாங்கியிருந்தால் அது தீட்டு அல்ல, திருட்டு. வெளியே அனுப்ப வேண்டியதுதான். விசாரணை நடந்தது; ஆனால் அவர் உட்கார்ந்த பிறகு நடந்தது. கவர்னரின் தம்பிக்குச் சமமானவர் அல்ல, கவர்னரின் சொந்தச் சகோதரரே தேர்தல் நிதி திரட்டித் தரச்சொல்லித் தம்மிடம் பேசியதைப் பர்ரிஸ் முதலில் சரியாகச் சொல்லவில்லை. 2009 நவம்பரில் செனட்டின் ஒழுக்கக் கமிட்டி, அவர் கொடுத்த தகவல்கள் முன்னுக்குப்பின் முரணானவை என்று கண்டித்தது; விலைக்கு வாங்கினதாக ருசுவாகவில்லை. கவர்னரை இல்லினாய்ச் சட்டசபையே 2009 ஜனவரி 29-ல் 59 ஓட்டுக்கு ஒரு ஓட்டும் எதிரில்லாமல் பதவியிலிருந்து தள்ளிற்று. 2011-ல் 14 வருஷச் சிறைத்தண்டனை கிடைத்தது. பிற்பாடு 2020-ல் ஒரு ஜனாதிபதி தண்டனையைக் குறைத்ததும், 2025-ல் அவரே மன்னித்ததும் வேறு கதை.

இதில் இன்னொரு வாதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பர்ரிஸ் நீக்ரோ வகுப்பார், இப்போது கறுப்பின மக்கள் என்று சொல்கிறோம், அவர்களில் ஒருவர். ஒபாமா போன பிறகு நூறு பேர் கொண்ட செனட்டில் அம்மக்களில் ஒருவர்கூட இல்லை. "இருக்கிற ஒருவரையும் வாசலில் நிறுத்துவீர்களா?" என்று அவருக்காகப் பேசியவர்கள் கேட்டார்கள். இதை நாம் அலட்சியமாய்த் தள்ள முடியாது. நமது நாட்டிலும் ஒடுக்கப்பட்டவர்கள் முதன்முதல் சட்டசபைக்குள் போனது நியமனத்தினால்தான். எம்.சி. ராஜாவும் ரெட்டைமலை சீனிவாசனும் அப்படித்தான் போனார்கள். பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் நியமனத்தினால்தான் சென்னைச் சட்டசபைக்கு வந்து, அங்கே தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார்கள். ஆனால் அந்தக் காலத்தில் சொத்தும் வரியும் இருந்தவனுக்குத்தான் ஓட்டு. வாசல் அடைத்திருந்தது, அடைபட்டவர்களுக்கு ஜன்னல் வழியாக ஏணி போட்டார்கள். அதைக் குறை சொல்ல மாட்டோம். வாசல் எல்லோருக்கும் திறந்த பிறகும், வாசல் வழியாக வர இஷ்டமில்லாதவருக்கு ஏணி போடுவதைப் பற்றித்தான் நம் பேச்சு.

இந்த ஊரில் வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கிறார்கள். அன்று அதன் வழியாக நுழைந்தவனுக்கு மோட்சம் என்கிறார்கள். வருஷம் முழுவதும் என்ன செய்தான் என்ற கேள்வியில்லை. நமது சட்டசபைக்கும் அப்படி ஒரு பரமபத வாசல் இருந்தது. அதன் வழியாகத்தான் 1952-ல் ஆச்சாரியார் வந்தார்.

அந்த எலெக்ஷனில் சென்னை ராஜ்யத்தின் 375 ஸ்தானங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. முதல் மந்திரி குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். பிரகாசம் அவர்கள் தலைமையில் எதிர்க்கட்சிகள் சேர்ந்து மந்திரிசபை அமைக்க உரிமை கேட்டன. கவர்னர் ஸ்ரீபிரகாசா என்ன செய்தார்? எந்தத் தொகுதியிலும் நிற்காத ஆச்சாரியாரை மேல்சபைக்கு நியமித்து, ஏப்ரல் 10-ந் தேதி முதல் மந்திரியாக்கினார். அரசியல் சட்டத்தின் 171-வது விதிப்படி, இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு, சமூக சேவை இவற்றில் அனுபவமுள்ளவர்களை நியமிக்கலாம். ஆச்சாரியார் கதை எழுதுவார், வாஸ்தவம். ஆனால் அவரை அங்கே கதை எழுதவா அனுப்பினார்கள்? கம்யூனிஸ்டுத் தலைவர் பி. ராமமூர்த்தி ஐகோர்ட்டுக்குப் போனார். மனு தள்ளுபடியாயிற்று. ஜூலை 3-ல் 200-க்கு 151 என்று ஆச்சாரியார் மெஜாரிட்டியும் காட்டினார். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கவர்னர் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து கொண்டு திரட்டிய மெஜாரிட்டி அது.

தோழர்களே! ஸ்ரீபிரகாசா காசு வாங்கினார் என்று அவருடைய விரோதிகூடச் சொன்னதில்லை. சுத்தமான கை! அந்தச் சுத்தமான கை கொடுத்தது என்ன? 1953-ல் கிராமத்துப் பிள்ளைகள் அரைநாள் பள்ளிக்கூடம், அரைநாள் அப்பன் தொழில் என்ற திட்டம். சிரைக்கிறவன் மகன் சிரைக்க வேண்டும், வெளுக்கிறவன் மகன் வெளுக்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து லால்குடிக்கோ முசிறிக்கோ போய் ஓட்டுக் கேட்க வேண்டியவராயிருந்தால் அந்தத் திட்டத்தை அவ்வளவு சுலபமாகக் கொண்டு வந்திருப்பாரா? அவருக்குத்தான் திரும்பிப் போக வேண்டிய தொகுதியே கிடையாதே!

1954-ல் காமராஜர் வந்தார். அவரும் அப்போது சென்னைச் சட்டசபை மெம்பரல்ல, பார்லிமெண்டு மெம்பர். அதே மேல்சபை இருந்தது, அதே பரமபத வாசல் இருந்தது. அவர் அதன் பக்கம் போகாமல் குடியாத்தத்துக்குப் போய் ஓட்டுக் கேட்டு, ஜெயித்துச் சட்டசபைக்கு வந்தார். அந்தத் திட்டத்தையும் கைவிட்டார்.

அது பழைய கதை என்று நினைக்காதீர்கள். மேல்சபையை இங்கே 1986-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் இங்கிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் புதுச்சேரி இருக்கிறது. அங்கே ஜனங்கள் தேர்ந்தெடுப்பது 30 பேர். 1963-ம் வருஷத்துச் சட்டப்படி டில்லி சர்க்கார் இன்னும் மூன்று பேரை நியமிக்கலாம். 2016 எலெக்ஷனில் பாரதீய ஜனதாக் கட்சிக்கு அங்கே ஒரு ஸ்தானம்கூடக் கிடைக்கவில்லை. 2017 ஜூனில் டில்லி நியமித்த மூன்று பேரும் அக்கட்சிக்காரர்கள். புதுச்சேரி மந்திரிசபையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜூலை 4-ந் தேதி ராத்திரி துணைநிலை கவர்னர் கிரண் பேடி தம் மாளிகையிலேயே அவர்களுக்குப் பிரமாணம் செய்து வைத்தார். சபாநாயகர் வைத்திலிங்கம் ஏற்க மறுத்தார். 2018 மார்ச்சில் சென்னை ஐகோர்ட்டும், டிசம்பர் 6-ல் சுப்ரீம் கோர்ட்டும் நியமனம் செல்லும் என்றன. அவர்களுக்கு ஓட்டும் உண்டு என்றன. அந்த வழக்கில் வந்த கேள்வி பணத்தைப் பற்றியதல்ல, அதிகாரத்தைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பலன் என்ன? 2021 பிப்ரவரியில் சில மெம்பர்கள் ராஜினாமாச் செய்தபின், நாராயணசாமி மந்திரிசபையின் பக்கம் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர். எதிர்ப்பக்கம் ஜனங்கள் அனுப்பியவர்கள் 11, டில்லி அனுப்பியவர்கள் 3, ஆக 14. மந்திரிசபை பிப்ரவரி 22-ல் போயிற்று. அந்த மந்திரிசபை நல்லதா கெட்டதா என்ற வியாச்சியத்துக்கு நாம் வரவில்லை. 12-க்கும் 11-க்கும் இருந்த கணக்கை ஒரு ஓட்டும் வாங்காத மூன்று பேர் புரட்டினார்கள் என்பதுதான் விஷயம்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இல்லினாயில் அழுக்குக் கை அனுப்பிய ஆள் இரண்டு வருஷத்துக்குள் போய்விட்டார். எப்படி? காலியான இடத்துக்கு ஜனங்கள் ஓட்டுப் போட்டே ஆகவேண்டும் என்று அங்குள்ள மத்தியக் கோர்ட்டு 2010-ல் உத்தரவிட்டது. அதே நவம்பரில் ஓட்டு நடந்து, மார்க் கிர்க் என்ற வேறு கட்சிக்காரர் அந்த இடத்துக்கு வந்தார். மாட்டுக்காரன் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

நமது கவர்னர்களோ ஓட்டு வாங்கி வந்தவர்களும் அல்ல, சட்டசபை நீக்கக்கூடியவர்களும் அல்ல. மத்தியப் பிரதேசத்தில் ஆள் எடுப்பு ஊழலில் கவர்னர் ராம் நரேஷ் யாதவ் பெயரில் 2015-ல் போலீசார் வழக்குப் பதிந்தார்கள். பதவியிலிருக்கும் கவர்னர்மேல் கிரிமினல் நடவடிக்கை கூடாது என்ற 361-வது விதியைக் காட்டி ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. அவர் 2016 செப்டம்பர் வரை கவர்னர் மாளிகையில்தான் இருந்தார். குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை. விசாரிக்கவே முடியாது என்கிறோம். விசாரிக்க முடியாத கை அழுக்கா சுத்தமா என்று வெளியில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சீரங்கத்தாருக்கு இதெல்லாம் புதிதல்ல. 2014 செப்டம்பரில் உங்கள் மெம்பராயிருந்த முதல் மந்திரி ஜெயலலிதா தண்டனை பெற்றுப் பதவியிழந்தபோது இந்தத் தொகுதி காலியாயிற்று. கவர்னர் யாரையாவது நியமித்தாரா? இல்லை. 2015 பிப்ரவரி 13-ந் தேதி நீங்கள்தான் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டீர்கள். யாருக்குப் போட்டீர்கள், எதை வாங்கிக்கொண்டு போட்டீர்கள் என்பதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். அதில் உங்களைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது.

ஆகவே கேட்ட கேள்விக்கு நம் அபிப்பிராயம் இது: சட்டம் நியமனத்தை அனுமதிக்கிற வரையில், கவர்னர் பெயர் கெட்டவர் என்பதற்காக மாத்திரம் சட்டசபை ஆளைத் திருப்பினால் கோர்ட்டில் தோற்கும்; தோற்று அவமானப்படும். ஸ்தானம் விலைக்குப் போயிற்றா என்று உட்கார வைப்பதற்கு முன்பே விசாரிக்கட்டும். நியமிக்கிற சட்டத்தையே எடுக்கட்டும். புதுச்சேரிக்கு அரசியல் சட்டத்தைத் தொடவேண்டியதுகூட இல்லை. 1963 சட்டத்தில் 3-வது பிரிவின் ஒரு உட்பிரிவை எடுக்கப் பார்லிமெண்டில் ஒரு சாதாரண மசோதா போதும். அதைக் கொண்டுவரும்படி நமது தொகுதிப் பார்லிமெண்டு மெம்பருக்கு எழுதிய மனு ஒன்று வாசலில் மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்துச் சரியென்று பட்டவர்கள் கையெழுத்துப் போடலாம். நேற்று எழுந்து கேள்வி கேட்ட தோழரும் வந்திருக்கிறார். அவர் மறுத்துப் பேச வேண்டுமென்று கேட்டிருப்பதால், அக்கிராசனரவர்கள் அவருக்குப் பதினைந்து நிமிஷம் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டு உட்காருகிறோம்.