ஊரை எழுதி வைத்தவர்

(வானொலி மறையுரை)



நவம்பர் மாதம் பிறந்தால் கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கிறோம், பூ வைக்கிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம். அவரவர் வீட்டில் இறந்தவர்களை அவரவர் நினைக்கிறோம். ஒரு நகரமே ஒருவருக்காகத் துக்கப்படுவது அரசியல் தலைவருக்கும் நடிகருக்கும்தான் நடக்கும். பழைய தெருக்களையும் கட்டடங்களையும் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கும் அது நடந்தது.

அவர் எஸ். முத்தையா. 1930இல் பள்ளத்தூரில் பிறந்தவர். கொழும்பில் வளர்ந்து, அங்கேயே பல ஆண்டுகள் பத்திரிகையாளராக இருந்து, 1968இல் சென்னைக்கு வந்தார். வந்த ஊரைச் சொந்த ஊராக்கிக்கொண்டார். சென்னையின் வரலாற்றை 1981இல் ஒரு நூலாகத் தந்தார். 1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். 2004 முதல் ஆகஸ்ட் 22ஆம் தேதியைச் சென்னை தினமாகக் கொண்டாடுகிறோமே, அதைத் தொடங்கி வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அவருடைய வாரப் பத்தியில் வாசகர் கடிதங்களுக்குத் தனி இடம் இருந்தது. அவர் எழுதியதில் விட்டுப்போனதை ஒருவர் சேர்ப்பார், இன்னொருவர் திருத்துவார், வேறொருவர் பெட்டியில் கிடந்த பழைய படத்தை எடுத்து அனுப்புவார். கடல் கடந்து போனவர்களும் எழுதினார்கள். முகம் பார்க்காத இத்தனை பேரை ஒரு குடும்பம் போல் சேர்த்தது, இடித்துவிட்ட ஒரு வீடோ, பெயர் மாறிப்போன ஒரு தெருவோதான். ஆகவே அவர் இறந்தபோது துக்கப்பட்டவர்களில் பலர் அவரை நேரில் கண்டதே இல்லை.

அவர் இறந்த நாளைக் கவனியுங்கள். 2019 ஏப்ரல் 20. அன்று புனித சனி. ஆலயங்களில் பாஸ்கா திருவிழிப்புக்கு நாம் தயாராகிக்கொண்டிருந்தோம். விடிந்தால் உயிர்ப்பு ஞாயிறு. அந்தக் காலையில்தான் கொழும்பில், கொச்சிக்கடைப் புனித அந்தோணியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வெடித்தது. 250க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தாம் வளர்ந்த நகரத்துக்கு நேர்ந்ததை அறியாமலே அவர் கண்மூடினார். அது இரக்கமா, தற்செயலா என்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

விவிலியத்தில் நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தைத் திருப்பலியில் கேட்டிருக்கமாட்டீர்கள். முழுக்கப் பெயர்ப் பட்டியல்; வாசகருக்கு நாக்கு சுளுக்கிவிடும். இடிந்த எருசலேமின் மதிலை யார் எந்தப் பகுதியில் கட்டினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. மீன் வாயிலைக் கட்டியவர்கள், பொற்கொல்லர், நறுமணத் தைலம் செய்பவர், தம் புதல்வியரோடு வந்து கட்டிய சல்லூம் எல்லாரும் உண்டு. தோள் கொடுக்க மறுத்த பெரிய மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை! மதிலின் நீள அகலத்தைவிட, கட்டியவர்களின் பெயர்தான் அங்கே முக்கியம்.

முத்தையாவின் எழுத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கோட்டையும் கம்பெனிகளும் பெரிய குடும்பங்களும் அதில் அதிகம். மண் சுமந்தவர்கள் குறைவு. ஆனால் அதை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. நம் பக்கத்தில் நாம் என்ன எழுதி வைத்தோம்?

மீஞ்சூரைச் சுற்றிப் பாருங்கள். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள். எண்ணூரில் 2001இல் திறந்த துறைமுகம். காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனோடு 2010இல் திறந்த ஆலை. எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர், எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. அதற்கு முன் உப்பளத்தில் பாத்தி கட்டியவர்கள் யார்? கொசஸ்தலை ஆற்றுச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்த இருளர் பெண்களின் பெயர் என்ன? இடம் பெயர்ந்த காட்டுப்பள்ளிக் குப்பத்தில் எந்த வீடு யாருடையது? புகைபோக்கி கட்டும்போது ஏறியவர்கள் எந்த மாநிலத்துப் பிள்ளைகள்?

படம் இல்லாமல் போகவில்லை. உங்கள் பழைய ஆல்பத்தில் புதுநன்மைப் படத்தை எடுங்கள். வெள்ளை உடுப்பில் நிற்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள். பழைய கோவில் முகப்பு இருக்கும், பனைமரம் இருக்கும், இன்று கன்டெய்னர் லாரி நிற்கிற இடத்தில் வயல் இருக்கும். ஓரத்தில் யாரோ ஒருவர் மண்வெட்டியோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். அவர் யார் என்று வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். பாட்டி இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும்.

இந்த மாதத் திருப்பலிகளில் இறந்தோர் பட்டியலை உறையில் போட்டுக் கொடுப்பீர்கள் அல்லவா? அந்தப் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.