சிரிப்புக்கு ஊரடங்கு இல்லை!

(இறக்கக்கண்டியில் நடைபெற்ற கடற்றொழிலாளர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

கடலோடு மல்லாடிக் கரைசேரும் தோழர்களே!

கொள்ளைநோய்க் காலத்தை நாம் எவ்வாறு கடந்தோம் என்பது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். மருத்துவம் பேச நான் வைத்தியனல்லன். நிவாரணம் பற்றிப் பேசலாமென்றால், அன்று கிடைத்த 5,000 ரூபாவைப் போலவே அந்தப் பேச்சும் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே, அந்நாட்களில் அரசாங்கம் வழங்காத, எந்தச் சங்கக் கடையிலும் கிடைக்காத, நாமே உண்டாக்கி நமக்குள் பங்கிட்டுக்கொண்ட ஒரு பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதுதான் சிரிப்பு!

2020 மார்ச் 20 ஆந் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. இடையிடையே தளர்த்தியும் இறுக்கியும் வந்த அந்த ஊரடங்கு முற்றாக நீங்க ஜூன் 28 ஆயிற்று. அதை மீறியதாக 60,000 பேருக்கு மேல் கைது செய்யப்பட்டார்கள். தலைநகரத்து நண்பரொருவர் தொலைபேசியில் என்னை அழைத்து, “வீட்டுக்குள் அடைபட்டிருப்பது எவ்வளவு கொடுமை!” என்று அழாக்குறையாகச் சொன்னார். அதை நான் இவ்வூர்ப் பெரியவரொருவரிடம் கூறினேன். அவர் வெற்றிலையை மென்றபடியே, “தம்பி, ஊரடங்கில் நாங்கள் முப்பது வருடம் படித்துப் பட்டம் பெற்றவர்கள். அவர்கள் இப்போதுதானே பாலர் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள்! போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லும்” என்றார்.

சிரித்தேன். சிரித்து முடித்தபின்பே அந்தச் சொல்லின் உள்ளே இருந்த கண்ணீர் எனக்குத் தெரிந்தது. போரைக் கண்டவர், 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்ததையும் கண்டவர், மூன்றாவதாக வந்த துன்பத்தைப் பகிடியால் வரவேற்றார். துன்பம் தம்மை ஆளவில்லை, தாமே துன்பத்தை அளந்து பார்க்கிறார் என்பதை அந்த ஒரு சொல்லால் நிலைநாட்டினார்.

கரைவலை இழுப்போரிடம், ஒருவருக்கொருவர் ஒரு மீற்றர் தள்ளி நிற்கும்படி சொன்னார்கள். “நாங்கள் நிற்கிறோம் ஐயா, வலைக்குள் மீனுக்கும் ஒருக்காற் சொல்லிவிடுங்கள்” என்றாரொருவர். நோய்கண்ட வீட்டைப் பதினான்கு நாள் மூடிவைப்பார்கள் என்று கேள்விப்பட்ட தாயொருத்தி, “நோய் பதினான்கு நாளிற் போய்விடுமாம். திண்ணையில் இருக்கிற இவர் எப்போது தொழிலுக்குப் போவார்?” என்று கேட்டாள். நாட்கூலி நின்றுபோன வீட்டிலிருந்து பிறந்த பகிடி அது. அடுப்பு எரியாத வீட்டிலும் இத்தகைய சொல் பிறக்குமானால், அந்த வீடு இன்னும் தோற்கவில்லை என்பது பொருள்!

இது நமக்குப் புதிய பண்பன்று. இடுக்கணழியாமை என்றோர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதன் முதற் குறளிலேயே துன்பத்தை வெல்லச் சிரிப்பைக் கைக்கொள்ளச் சொன்னார். 1348 இல் புளோரன்ஸ் நகரைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, ஊரைவிட்டு ஒதுங்கிய பத்து இளைஞர்கள் கதைசொல்லிப் பொழுது போக்கியதாகப் பொக்காச்சியோ நூறு கதைகளை எழுதிவைத்தார். நம் நாட்டிலே, சிவஞானசுந்தரம் அவர்கள் 1963 இல் தொடங்கிய ‘சிரித்திரன்’ ஏடு, 1980 களில் போர் சூழ்ந்த யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிவந்தது. குண்டுச் சத்தத்துக்கிடையிலும் சவாரித்தம்பரைக் கண்டு மக்கள் சிரித்தார்கள்.

ஆனால் தோழர்களே, எல்லாச் சிரிப்பும் ஒன்றா?

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையிலே நோய் பரவிற்று. மீனென்றாலே நாடு அஞ்சியது. நீங்கள் பிடித்த மீனுக்கு வாங்குவாரில்லை. நவம்பரில் முன்னாள் இராஜாங்க அமைச்சர் திலிப் வெதஆராச்சி அவர்கள் பத்திரிகையாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். நாடே சிரித்தது, உலகமும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது என்ன? “மீன் விலைபோகவில்லை, மீனவன் பட்டினி கிடக்கிறான், அஞ்சாமல் வாங்குங்கள்” என்பதே. அவரைப் பார்த்துச் சிரித்தவர்களுள் எத்தனை பேர் அன்று மாலை மீன் வாங்கினார்கள்?

அதே காலத்தில் சுகாதார அமைச்சராயிருந்தவர் நோய் நீங்கவென்று ஆற்றிலே குடம் விட்டார். டிசம்பரில் கேகாலையிலே ஒருவர் காய்ச்சிய பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் நெரிந்தனர். அமைச்சரும் அதனைப் பருகினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியாயிற்று. அவர் நோயுற்றதைப் பார்த்துச் சிரிப்பது அறமன்று, மக்களின் உயிரைக் காக்கும் பொறுப்பிலிருந்தோர் விஞ்ஞானத்தை விட்டுப் பாணியை நாடியதைப் பார்த்துச் சிரிப்பது குடிமகனின் உரிமை, கடமையுங்கூட!

இங்கே என் குற்றமொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தொற்றுக்கு ஆளான மீன் வியாபாரி ஒருவரைப் பற்றிய பகிடி என் கைபேசிக்கு வந்தது. நன்றாக இருக்கிறதென்று பத்துப் பேருக்கு அனுப்பினேன். இரண்டு நாட் கழித்து அறிந்தேன்: அந்தப் பகிடி ஊரெல்லாம் சுற்றியதால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அயலார் கிணற்றிலே தண்ணீரள்ளவும் விடவில்லையாம். சட்டம் படித்தவன் நான். பிறருக்காக நியாயம் பேசுகிறவன் நான். என் விரல் நுனியாலே ஒரு குடும்பத்தின் தண்ணீரை மறித்தேன்! அன்றிலிருந்து ஒரு பகிடியை அனுப்புமுன் ஒரு கேள்வி கேட்கிறேன்: இது யாரை நோக்கிச் சிரிக்கிறது? வலியவனையா, வீழ்ந்து கிடப்பவனையா?

சிரிக்கவே முடியாத இடமும் ஒன்றுண்டு. 2020 ஏப்ரலில் வெளிவந்த வர்த்தமானி, நோயால் இறந்த அனைவரையும் எரித்தே ஆகவேண்டுமென்றது. அடக்கஞ் செய்யலாமென உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் கேட்கவில்லை. டிசம்பரில், பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியிலே மக்கள் வெள்ளைத் துணி கட்டித் தம் துயரைச் சொன்னார்கள். 2021 பெப்ரவரியிலேதான் அந்த விதி மாறியது. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இந்தக் குச்சவெளிக் கரையிலே, அயலவன் வீட்டுச் சாவின்போது மௌனமாக உடன்நிற்பதே பண்பாடு.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் 1 இல், நோய்த்தடுப்பில் ஈடுபட்ட அதிகாரிகளைக் குறைகூறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படுமெனப் பொலிஸார் அறிவித்தார்கள். அம்மாதம் 25 ஆந் திகதி மனித உரிமைகள் ஆணைக்குழு அது குறித்துத் தன் கவலையை எழுத்திலே தெரிவித்தது. முகநூற் பதிவொன்றுக்காக அதே ஏப்ரலில் கைதான எழுத்தாளர் ரம்சி ராசிக் செப்டம்பர் வரை சிறையிலிருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புக்கூறியது 2023 இல்! 2023 மே மாதத்தில், மேடையிலே சொன்ன பகிடிக்காக நத்தாஷா எதிரிசூரிய என்ற கலைஞர் கைதானார். ஜூலை 5 இல் பிணை கிடைக்கும்வரை சிறையிருந்தார்.

ஏன் இத்தனை நாள்? 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்க் குற்றஞ்சாட்டினால், நீதவான் பிணை வழங்க முடியாது. மேல் நீதிமன்றத்துக்கே போகவேண்டும். மனித உரிமையைக் காப்பதற்கென்று எழுதப்பட்ட சட்டம் மனிதனின் வாயைப் பூட்டும் திறப்பாயிற்று! அதன்மேல், 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க்கூற்று என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்திருக்கிறது. பகிடி என்பது உள்ளதைச் சொல்ல இல்லாததைச் சொல்வது. அதனை எந்தத் தராசில் நிறுப்பார்கள்?

நான் கேட்பது இரண்டே. அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை தந்த பேச்சுரிமை பகிடிக்கும் உரியது. ஆகவே வலியோரைக் கிண்டல் செய்ததற்காக இவ்வூர்ப் பிள்ளை எவனேனும் பிடிபட்டால், அவன் எக்கட்சியினனானாலும், எச்சமயத்தவனானாலும் ஊர் கூடி உடன்நில்லுங்கள். வழக்காட நான் வருகிறேன். அதேவேளை, எளியோரை நோகடிக்கும் பகிடியை நம்மவனே சொன்னால், பொலிஸை அழைக்கவேண்டாம். அவன் தோளிற் கைபோட்டு, “இது சரியில்லை” என்று சொல்லுங்கள். சிரித்து மகிழ மட்டுமன்று, வரம்பு கடந்தால் இடித்துரைக்கவுமே நட்பு என்றவரும் அதே வள்ளுவர்தாம்.

அடுத்த துன்பம் எந்த உருவத்தில் வருமோ அறியோம். வரும்போது நம் கையிலே சிரிப்பு இருக்கட்டும். அந்தச் சிரிப்பிலே அயலவனுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்!