ஒரு துளியின் பயணம்



குளிர்காலத்தில் மேகத்தினின்று புறப்படுவது பெரும்பாலும் பனிப்படிகமே. வழி நெடுகக் குளிர் நிலவினால் அது வெண்பனியாகவே மண்ணில் இறங்குகிறது. இடையில் வெப்பக்காற்று அடுக்கொன்று குறுக்கிட்டால் உருகித் துளியாகிறது. அதன் கீழுள்ள குளிரடுக்கு தடித்திருந்தால் துளி மீண்டும் உறைந்து பனிக்குருணையாக விழும். மெலிந்திருந்தால் நீராகவே வந்து, தொட்ட பொருளின் மீது கண்ணாடிபோல் உறைந்துவிடும். இதுவே உறைமழை.

1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பல நாட்கள் பெய்த உறைமழையின் பாரத்தால் மின்கோபுரங்கள் சரிந்தன. இலட்சக்கணக்கான இல்லங்கள் கடுங்குளிரில் இருண்டன. குளிர்காய வழிதேடி, மூடிய வீட்டினுள் நச்சுப்புகையைச் சுவாசித்து மாண்டோரும் உண்டு.

ஆகவே, குளிர்நாடுகளில் வாழ்வோர் உறைமழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தவிர்க்கட்டும். மூடிய அறையில் கரியடுப்பு மூட்டாதிருக்கட்டும். உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவது நம் கடமை. அவன் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.