வலி ஓரிடம், காரணம் வேறிடம்: தசை, மூட்டு வலிக்கு ஆஸ்டியோபதி

ரவாங்கில் குடியிருந்து கோலாலம்பூரில் வேலை செய்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கோமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே பயணம் செய்பவர்கள் ஒருபுறம். நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து, முழங்கால் கடுக்க வீடு திரும்புபவர்கள் மறுபுறம். சுங்கை சோ, செரண்டா பக்கத்துத் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்ப்பவர்களுக்கோ எட்டு மணி நேரம், பல நாட்களில் பன்னிரண்டு மணி நேரம், நின்ற இடத்திலேயே வேலை. இவர்களில் முப்பது வயதைத் தாண்டியவர்களிடம் விசாரித்தால், இடுப்பு வலியோ கழுத்து வலியோ இல்லை என்று சொல்பவர்கள் குறைவு.

வலி வந்ததும் என்ன செய்கிறார்கள்? முதலில் கோடாலித் தைலம். அதற்கு அடங்காவிட்டால் மருந்தகத்தில் பொன்ஸ்டான். அதுவும் பலிக்காவிட்டால் 'சுளுக்கு எடுப்பவர்' ஒருவரின் முகவரி யாரிடமிருந்தாவது கிடைத்துவிடும். இந்த வரிசையில் அண்மைக் காலமாகச் சேர்ந்திருக்கும் பெயர்தான் ஆஸ்டியோபதி. பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பலர். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்தவர்கள் சிலரே.

இதைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்கர். 1828இல் பிறந்த அவர் அக்கால வழக்கப்படி மருத்துவம் பயின்றவர். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய பிள்ளைகளில் மூவரைக் கொண்டு போனது. பாதரசம் கலந்த மருந்தும், இரத்தத்தை வடித்து வெளியேற்றுவதும் உயர்ந்த வைத்தியமாகக் கருதப்பட்ட காலம் அது. அந்த மருத்துவத்தின் மீது நம்பிக்கை இழந்த ஸ்டில், எலும்பு, தசை, நரம்பு, இரத்த ஓட்டம் ஆகியவற்றைக் கைகளால் சீர்செய்யும் முறையை 1874இல் அறிவித்தார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் அதற்கென ஒரு கல்லூரியையும் திறந்தார். அவருடைய மாணவர் லிட்டில்ஜான் 1917இல் லண்டனில் ஒரு பள்ளியை நிறுவினார்.

எல்லா நோய்க்கும் மூலம் எலும்புக் கட்டமைப்பில் இருக்கிறது என்று ஸ்டில் நம்பினார். அது நிற்கவில்லை. மூளைக்காய்ச்சலைக் கையால் குணப்படுத்த முடியாது. கிருமி எதிர்ப்பு மருந்துதான் வேண்டும். ஆனால் அவர் சொன்ன இன்னொரு கருத்து நிலைத்தது: உடலின் ஒரு பகுதி சரியாக அசையாவிட்டால், அந்த வேலையை வேறொரு பகுதி கூடுதலாகச் சுமக்கும், சுமக்கிற இடம்தான் வலிக்கும்.

லாரி ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பு மூட்டின் முன்புறத் தசையும் தொடையின் பின்புறத் தசையும் இறுகிப்போகின்றன. குனிந்து சாமான் தூக்கும்போது இடுப்பு மூட்டு மடங்க மறுக்கிறது. அந்த வளைவு முழுவதையும் கீழ் முதுகு ஏற்கிறது. வலி முதுகில். தைலமும் முதுகில்தான் தேய்க்கப்படுகிறது. இறுகிய தொடையை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

ஆகவே ஆஸ்டியோபதி நிபுணரிடம் முதல் முறை போனால், பெரும்பகுதி நேரம் கேள்வியிலும் பரிசோதனையிலுமே கழியும். என்ன வேலை, எப்படி உறக்கம், பழைய விபத்து உண்டா, நீரிழிவு உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றெல்லாம் கேட்பார். நிற்கச் சொல்வார், குனியச் சொல்வார், மூட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பார். இது எதுவும் இல்லாமல் நேராகப் படுக்க வைத்து முறுக்கத் தொடங்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

சிகிச்சையில் பல வகை உண்டு. தசையை மெதுவாக நீட்டி அழுத்துவது ஒன்று. மூட்டை அதன் எல்லைக்குள் திரும்பத் திரும்ப அசைப்பது இன்னொன்று. நோயாளி தன் தசையால் சிகிச்சையாளரின் கைக்கு எதிராகச் சில விநாடி தள்ளி, பிறகு தளர்த்த, அந்தத் தளர்ச்சியில் மூட்டை இன்னும் சற்று நகர்த்துவது மற்றொரு முறை. வயதானவர்களுக்கு இது ஒத்துப்போகும். கடைசியாக, 'டொப்' என்று சத்தம் வரும் விரைவான தள்ளல்.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்த ஓசை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மூட்டுக்குள் உள்ள திரவத்தில் அழுத்தம் திடீரெனக் குறைவதால் வாயுக்குழி உருவாவதே அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் விரல் மூட்டுகளை எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுத்துக் காட்டினார்கள். சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்பதெல்லாம் கிடையாது. முதுகெலும்பு உண்மையிலேயே விலகியிருந்தால் அவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை.

எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'டிஸ்க் தேய்ந்துவிட்டதாம்' என்று பயந்துபோயிருப்பவர்களும் உண்டு. முதுகு வலியே இல்லாதவர்களை ஆராய்ந்த படங்களின் தொகுப்பு ஒன்று 2015இல் வெளிவந்தது. 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் காணப்பட்டது. நரை போல அதுவும் வயதின் அடையாளமாக இருக்கலாம். படத்திற்கு அல்ல, ஆளுக்குத்தான் சிகிச்சை தேவை.

தோள் வலியில் இந்தியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கையை மேலே தூக்க முடியவில்லை, பின்னால் கொண்டுபோய்ச் சேலையைச் செருக முடியவில்லை என்றால் அது தோள் இறுக்கமாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது; இந்தியர்களிடையே அது இன்னும் கூடுதல். தோள் இறுக்கம் விலக ஒன்றிரண்டு ஆண்டுகள்கூட ஆகும். கைமுறைச் சிகிச்சை வலியைத் தணித்து அசைவைக் காக்க உதவலாம். மூன்றே நாளில் கையைத் தூக்க வைப்பதாகச் சொல்லிப் பலவந்தமாக இழுப்பவர்கள் நிலைமையைக் கெடுத்துவிடுவார்கள். இரத்தத்தில் சர்க்கரை அளவு பார்க்காதவர் முதலில் அதைப் பார்க்கட்டும்.

முழங்கால் வலிக்காரர்களுக்குப் பத்துமலையின் 272 படிகளே நல்ல பரிசோதனை. ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகம் வலிக்கிறது என்பார்கள். இறங்கும்போது உடல் எடையைத் தடுத்து நிறுத்துவது தொடையின் முன்தசை. அது பலவீனமாக இருந்தால் அத்தனையும் மூட்டின் மேல் விழுகிறது. தேய்ந்த குருத்தெலும்பை எந்தக் கையும் வளர்த்துவிடாது. இறுக்கத்தைக் குறைக்க முடியும். ஆனால் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை நோயாளிதான் வீட்டில் செய்ய வேண்டும். பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று கேட்பது நியாயமே. அமெரிக்காவின் டெக்சாஸில் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 455 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட ஆஸ்டியோபதி பெற்றவர்களில் கூடுதலானோருக்கு வலி நன்கு குறைந்தது. 2021இல் பிரான்சில் 400 பேரிடம் நடந்த ஆய்வு முடிவோ அவ்வளவு உற்சாகமாக இல்லை. வித்தியாசம் இருந்தது, ஆனால் மிகச் சிறியது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி, விளக்கக் கல்வி ஆகியவற்றோடு கைமுறைச் சிகிச்சையையும் ஏற்கிறது. இடுப்புப் பட்டைகளை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. 2020இல் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இத்தனை பேருக்கும் ஒரே மருந்து இருந்தால் அது எப்போதோ தெரிந்திருக்கும்.

மாத்திரைகளையே நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. வலிநிவாரணிகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பு அபாயம். 'ஒரே வாரத்தில் குணம்' என்று விற்கப்படும் சில மூலிகை மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

ஆஸ்டியோபதி என்று பலகை மாட்டியவர்கள் அனைவரும் ஒரே தரத்தினர் அல்லர். அமெரிக்காவில் அப்பட்டம் பெற்றவர்கள் முழு மருத்துவர்கள். அறுவைச் சிகிச்சையும் செய்வார்கள். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்களே அப்பெயரைப் பயன்படுத்தலாம். மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் (சட்டம் 775) அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் ஆஸ்டியோபதியும் ஒன்று. எங்கே படித்தீர்கள், மன்றத்தில் பதிவு உண்டா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார்.

எலும்பு பலவீனம் உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கழுத்தை வேகமாகத் திருப்புவதால் மிக அரிதாக இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது.

சில அறிகுறிகள் இருந்தால் எந்தக் கைமுறைச் சிகிச்சைக்கும் போகக்கூடாது. முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, அல்லது தொடை இடுக்கு மரத்துப்போவது அவசர நிலை. அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சலும் உடல் மெலிவும் இரவு வியர்வையும் சேர்ந்த முதுகு வலி முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். இடது தோளும் கையும் வலித்து நெஞ்சை அடைத்தால் அது தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

இவை எதுவும் இல்லாத சாதாரண வலிக்கு, நான்கைந்து முறை சிகிச்சை பெற்ற பிறகு முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பத்து முறைக்கு முன்பணம் கட்டச் சொல்பவரிடம் தொடர்வதில் பயனில்லை. இதுவரை செய்தவற்றை எழுதி வாங்கிக்கொண்டு, ரவாங் அரசாங்க கிளினிக்கிலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டினால் அடுத்து என்ன பரிசோதனை தேவை என்று அவர்கள் சொல்வார்கள்.